கடற்படை விமானியின் பணியும் வாழ்க்கையும்: கடலூர், புதுச்சேரி மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

இந்தியக் கடற்படையில் ஹெலிகாப்டர் விமானியாகப் பணியாற்றி ஓய்வுபெற்று, சொந்த ஊரான கடலூர் முதுநகருக்குத் திரும்பியதிலிருந்து இங்கும் புதுச்சேரியிலும் உள்ள பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் பேசப் போகிறேன். மாணவர்களும், அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய பெற்றோரும், சில கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். மேடையில் நின்று ஐந்து நிமிடத்தில் சொல்லும் பதில் அவற்றுக்குப் போதாது என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன். போர் விமானம் நான் ஓட்டியதில்லை. அதைப் பற்றி இங்கே சொல்பவை, உடன் பணியாற்றிய நண்பர்களிடம் கேட்டும் கப்பல் தளத்தில் நின்று பார்த்தும் அறிந்தவை.

விமானப் படை தனியாக இருக்கும்போது கடற்படைக்கு எதற்கு விமானங்கள்?

தேவனாம்பட்டினத்தில் சில்வர் பீச் மணலில் நின்று பார்ப்பவருக்கு அடிவானம் ஐந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. பூமியின் வளைவால் ஏற்படும் இந்த எல்லை, பார்ப்பவர் உயர உயர விலகிப் போகும். நீர்மட்டத்திலிருந்து 20 மீட்டர் உயரத்தில், ஒரு போர்க்கப்பலின் மேல்தளத்தில் நிற்பவருக்கு அது ஏறத்தாழ 16 கிலோமீட்டர். 3,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்திலிருந்து பார்த்தால் 190 கிலோமீட்டருக்கும் மேல். ரேடாருக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். ஆகவே, விமானம் இல்லாத கப்பலுக்குத் தன்னைச் சுற்றியுள்ள கடலில் ஒரு சிறு வட்டம் மட்டுமே தெரியும்.

நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவது இன்னொரு காரணம். கப்பல் தன் இன்ஜின் சத்தத்தையும் சுமந்துகொண்டே தேட வேண்டியிருக்கிறது. ஹெலிகாப்டரோ வேண்டிய இடத்துக்குப் பறந்து சென்று, நீருக்கு மேல் அசையாமல் நின்று, ஒலியைக் கொண்டு நீருக்கடியில் தேடும் சோனார் கருவியைக் கம்பிவடத்தில் கடலுக்குள் இறக்கிக் கேட்டுவிட்டு, நீர்மூழ்கி தப்பிக்க வழி தேடுவதற்குள் அடுத்த இடத்துக்குப் போய்விடும். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி சீ கிங் ஹெலிகாப்டரில் இந்த வேலையில்தான் கழிந்தது.

கடற்படையின் முதல் விமானத் தளமான ஐ.என்.எஸ். கருடா 1953 மே 11 அன்று கொச்சியில் தொடங்கப்பட்டது. முதல் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் 1961-இல் சேவைக்கு வந்தது. 1971 டிசம்பரில் அந்தக் கப்பலிலிருந்து கிளம்பிய சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. அது நடந்தது நம் வீட்டு வாசலில் இருக்கும் இதே வங்கக் கடலில்தான் என்பது இங்குள்ள பிள்ளைகள் பலருக்குத் தெரியவில்லை. பாடம் நடத்தும்போது ஆசிரியர்கள் இதைச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். இன்று 2013-இல் சேர்ந்த விக்ரமாதித்யாவும், கொச்சியில் கட்டப்பட்டு 2022 செப்டம்பர் 2 அன்று சேர்ந்த புதிய விக்ராந்தும் சேவையில் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் கடற்படை விமானத் தளம் இருக்கிறதா?

அரக்கோணத்தில் 1992-இல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். ராஜாளி இருக்கிறது. நெடுந்தூரக் கண்காணிப்பு விமானங்களான பி-8ஐ 2013 முதல் அங்கிருந்து பறக்கின்றன. அவற்றுக்கு முன் ரஷ்யத் தயாரிப்பான டி.யு.-142 விமானங்கள் அங்கே இருந்து 2017-இல் ஓய்வுபெற்றன. கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியும் அரக்கோணத்தில்தான் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து 2009 முதல் இயங்குகிறது.

இந்தப் பணியில் எப்படிச் சேர்வது?

பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். இதில் விலக்கு கிடையாது. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பதினோராம் வகுப்பில் வேறு பிரிவை எடுத்துவிட்டு, ஆசை பிறந்தபின் வந்து கேட்கிறவர்களுக்கு விமானியாகும் வழியைக் காட்ட முடியாமல் போகிறது.

முக்கியமான வழிகள் மூன்று. பிளஸ் டூ முடிக்கும் தறுவாயிலோ முடித்த பின்னரோ யு.பி.எஸ்.சி. நடத்தும் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாதெமி) தேர்வை எழுதலாம், ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் அந்தத் தேர்வில் கணிதத்துக்கு 300 மதிப்பெண்ணும் பொது அறிவுத் தாளுக்கு 600 மதிப்பெண்ணும் உண்டு, வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடையில் இருக்க வேண்டும். ஜே.இ.இ. மெயின் தரவரிசையை வைத்துக் கேரளத்தின் எழிமலையில் உள்ள கடற்படை அகாதெமியில் நான்கு ஆண்டு பி.டெக். படிப்பில் சேர்வது இரண்டாவது. பொறியியல் பட்டம் பெற்றபின் குறுகிய காலப் பணி அதிகாரியாக, விமானிப் பிரிவுக்கே நேரடியாக விண்ணப்பிப்பது மூன்றாவது. நம் பகுதிப் பொறியியல் கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோருக்குப் பொருந்துவது இந்த மூன்றாவது வழி. மதிப்பெண், வயது வரம்புகள் அறிவிப்புக்கு அறிவிப்பு சற்று மாறும் என்பதால், கடற்படையின் அதிகாரபூர்வ ஆள்சேர்ப்பு இணையதளத்தில் அந்தந்த ஆண்டின் அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள்.

எந்த வழியில் போனாலும் எஸ்.எஸ்.பி. என்னும் ஐந்து நாள் தேர்வு உண்டு. முதல் நாளிலேயே வடிகட்டல் நடக்கும். பிறகு மனப்பாங்குத் தேர்வுகள், குழுவாகச் செய்யும் வேலைகள், நேர்காணல் என்று நீளும். விமானி ஆக விரும்புபவர்களுக்கு கணினி வழியே நடத்தப்படும் ஒரு தகுதித் தேர்வும் உண்டு. கண், கை, கால், காது ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுக்கும் தேர்வு அது. அதில் ஒருமுறை தவறினால் விமானியாவதற்கு வாழ்நாளில் மறுவாய்ப்பு இல்லை. முந்தைய இரவு சரியாகத் தூங்காமல், சென்னையிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே போய் அந்தத் தேர்வில் உட்காராதீர்கள். ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்து ஓய்வெடுங்கள்.

தமிழ் வழியில் படித்தவர்களால் முடியுமா?

முடியும். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்கள் என்னோடு பறந்திருக்கிறார்கள். ஆனால் என்.டி.ஏ. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும், எஸ்.எஸ்.பி.யில் குழு விவாதம் ஆங்கிலத்தில் நடக்கும். வானொலியில் விமானி பேசுவதும் ஆங்கிலம்தான். இலக்கணப் பிழையில்லாத நடை ஆங்கிலத்தை அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. நினைத்ததைத் தயங்காமல், சுருக்கமாக, அடுத்தவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். இதற்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி போதும்: தினமும் ஓர் ஆங்கிலச் செய்தியை உரக்கப் படித்து, அதைப் புத்தகத்தை மூடிவிட்டு நான்கு வாக்கியத்தில் நண்பனிடம் சொல்லிப் பாருங்கள். தனியாகச் செய்தால் ஒரு வாரத்தில் நின்றுவிடும். இருவர் சேர்ந்து செய்தால் நீடிக்கும்.

கண்ணாடி அணிந்திருந்தால் தகுதி உண்டா?

விமானிகளுக்கான பார்வைத் தகுதி மற்றப் பிரிவுகளைவிடக் கடுமையானது. நிறக்குருடு இருந்தால் எடுக்க மாட்டார்கள். காக்பிட்டின் அளவுக்குப் பொருந்த வேண்டும் என்பதால் கால் நீளம், உட்கார்ந்த நிலை உயரம் ஆகியவற்றையும் அளப்பார்கள். பத்தாம் வகுப்பிலேயே கண் மருத்துவரிடம் முழுப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. தகுதி இல்லை என்று தெரிந்தால் மனம் உடைய வேண்டாம். கப்பலிலும் பொறியியலிலும் இணையான மதிப்புள்ள பணிகள் இருக்கின்றன.

பயிற்சி எப்படி இருக்கும்?

எழிமலையில் அதிகாரிப் பயிற்சியும், அதன்பின் வேறிடத்தில் அடிப்படை விமானப் பயிற்சியும் முடிந்தபின் பாதைகள் பிரியும். ஹெலிகாப்டருக்கு அரக்கோணம், டார்னியர் விமானத்துக்குக் கொச்சி, போர் விமானத்துக்கு விசாகப்பட்டினத்தில் ஹாக் பயிற்சி விமானம் என்று அனுப்புவார்கள். ஹெலிகாப்டர் பயிலுபவர் சேத்தக் என்னும் சிறிய ஹெலிகாப்டரில் தொடங்குவார். ஒரே இடத்தில் அசையாமல் நிற்கவைப்பதுதான் முதல் சில வாரங்களின் போராட்டம். கை ஒன்றைத் திருத்தினால் கால் இன்னொன்றைத் திருத்த வேண்டும். அதற்குள் முதலில் திருத்தியது மாறியிருக்கும். என்றைக்கோ ஒரு நாள் காலையில் அது தானாகக் கைக்கு வந்துவிடும். எப்படி வந்தது என்று எந்த விமானியாலும் விளக்கிச் சொல்ல முடிவதில்லை.

மாணவர்கள் மிகவும் ஆர்வமாகக் கேட்பது, நீரில் விழுந்த ஹெலிகாப்டரிலிருந்து தப்பிக்கும் பயிற்சியைப் பற்றி. இன்ஜினும் கியர்பாக்ஸும் மேலே இருப்பதால் நீரில் விழும் ஹெலிகாப்டர் பெரும்பாலும் தலைகீழாகக் கவிழும். ஆகவே கொச்சியில் ஒரு நீச்சல் குளத்தின் மேல் ஹெலிகாப்டர் அறை போன்ற ஒரு கூட்டைத் தொங்கவிட்டு, அதற்குள் நம்மை இருக்கையோடு பெல்ட் போட்டு உட்காரவைத்து, நீரில் இறக்கித் தலைகீழாகச் சுழற்றுவார்கள். மூக்கு வழியே நீர் ஏறும். மேல் எது, கீழ் எது என்று தெரியாது. முதலில் வெளிச்சத்திலும் கடைசியில் கும்மிருட்டிலும் செய்ய வேண்டும்.

செய்ய வேண்டியவை எளியவை. ஒரு கை வெளியேறும் ஜன்னலின் சட்டத்தைப் பற்றியிருக்க வேண்டும். மறு கை பெல்ட் பூட்டில் இருக்க வேண்டும். கூடு சுழன்று முற்றிலும் நிற்கும்வரை மூச்சை அடக்கிக் காத்திருக்க வேண்டும். அதன்பின் ஜன்னலைத் தள்ளிவிட்டு, சட்டத்தைப் பிடித்த கையை விடாமல் பெல்ட்டைக் கழற்றி, அந்தக் கையாலேயே உடலை இழுத்து வெளியே வர வேண்டும். பெல்ட்டை முதலில் கழற்றினால் உடல் மிதந்து எங்கோ போய் முட்டும். திசை முற்றிலும் தொலைந்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இதில் முதலில் தடுமாறுகிறார்கள் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நீரைக் கண்டதும் காலை உதைத்து மேலே வர வேண்டும் என்று அவர்களுடைய உடல் பழகியிருக்கிறது. கவிழ்ந்த கூட்டுக்குள் அந்தப் பழக்கமே ஆளைச் சிக்கவைக்கும். சுழற்சி நிற்கும்வரை அந்தச் சில நொடிகள் சும்மா இருப்பதைக் கற்றுக்கொடுக்கத்தான் அந்தப் பயிற்சி.

கப்பலின் மேல் எப்படி இறங்குகிறீர்கள்?

விமானந்தாங்கிக் கப்பலில் போர் விமானம் இறங்குவது ஒரு வகை. விமானத்தின் வாலடியில் ஒரு கொக்கி இருக்கும். தளத்தின் குறுக்கே எஃகு வடங்கள் கட்டப்பட்டிருக்கும். சரியான சரிவில் வருகிறோமா என்பதைத் தளத்தின் ஓரத்திலுள்ள விளக்குத் தொகுதி விமானிக்குக் காட்டும். சக்கரம் தளத்தைத் தொட்ட கணத்தில் விமானி இன்ஜின் வேகத்தைக் குறைப்பதில்லை, முழுமையாகக் கூட்டுகிறார். கொக்கி வடத்தைப் பிடிக்கத் தவறினால் அந்த வேகத்திலேயே மீண்டும் எழும்பிவிடத்தான் இந்த ஏற்பாடு. நம் நாட்டில் வடிவமைக்கப்பட்ட கடற்படைத் தேஜஸ் விமானம் 2020 ஜனவரி 11 அன்று விக்ரமாதித்யாவில் முதல்முறை இறங்கியபோது, மணிக்கு 244 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இரண்டரை நொடியில் 90 மீட்டர் தூரத்துக்குள் நின்றது. அதை ஓட்டியவர் கமடோர் ஜெய்தீப் மாவ்லங்கர்.

சிறிய போர்க்கப்பலின் பின்தளத்தில் ஹெலிகாப்டரை இறக்குவது வேறு வகை. நான் அறிந்தது இது. கப்பல் போய்க்கொண்டே இருக்கும், உருளும், முன்னும் பின்னும் தூக்கிப் போடும். முன்னால் ஹெலிகாப்டர் கொட்டகையின் சுவர். தளமோ சுழலும் இறக்கைகளின் வட்டத்தைவிடச் சற்றே பெரிது. பின்புறமாக வந்து, கப்பலின் பக்கவாட்டில் அதன் வேகத்துக்கே நின்று காத்திருப்போம். எவ்வளவு கொந்தளிப்பிலும் ஓரிரு பெரிய அலைகளுக்குப் பின் கப்பல் சில நொடிகள் அடங்கும். அந்த நேரத்தில் குறுக்கே நகர்ந்து, தளத்துக்கு மேல் வந்து, தயங்காமல் இறக்கிவிட வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் தளத்தையே பார்ப்பார்கள். தளம் உயர்ந்தால் கையும் உயரும். தளம் தாழ்ந்தால் கையும் தாழும். சிறிது நேரத்தில் ஹெலிகாப்டர் கப்பலைவிட அதிகமாக ஆடத் தொடங்கிவிடும். பார்வை அடிவானத்தில் இருக்க வேண்டும். இரவில் அடிவானம் தெரியாதபோது, கப்பல் எப்படி ஆடினாலும் தான் மட்டும் சமமாக நிற்கும் ஒரு விளக்குப் பட்டையைக் கொட்டகைக்கு மேல் பொருத்தியிருப்பார்கள். அதுவே நமக்கு அடிவானம்.

அப்படி இறங்கியதும் என்ன நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விமானியைப் பற்றிப் பேசும் எவரும் அதைச் சொல்வதில்லை. தலைக்கு மேல் இறக்கைகள் சுழன்றுகொண்டிருக்கையில், உப்புநீர் முகத்தில் அறைய, இருபது வயது தாண்டாத மாலுமிகள் இருபுறமும் குனிந்து ஓடிவந்து, ஈரத் தளத்தில் மண்டியிட்டு, சங்கிலியின் ஒரு முனையைச் சக்கரக் காலிலும் மறுமுனையைத் தளத்தின் வளையத்திலும் மாட்டி இறுக்குவார்கள். காக்பிட்டிலிருந்து பார்த்தால் அவர்களுடைய தலைக்கவசங்கள் மட்டும் தெரியும். அவர்கள் மாட்டி முடித்து, கட்டைவிரலை உயர்த்திவிட்டு விலகும்வரை விமானியின் வேலை முடிந்ததாகாது. எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் பாதி அவர்களுடையது.

இரவில் கடலின் மேல் பறப்பது எப்படி இருக்கும்?

கடலூர்த் துறைமுகத்திலிருந்தும் வீராம்பட்டினத்திலிருந்தும் மீன்பிடிக்கப் போகும் படகுகளின் விளக்குகளை இரவில் கரையில் நின்று பார்த்திருப்பீர்கள். நிலவில்லாத இரவில் அவற்றுக்கு மேல் பறந்தால், விளக்கு எது, நட்சத்திரம் எது என்று பிரித்தறிய முடியாது. கடலும் வானமும் ஒரே கறுப்பு. இரண்டிலும் ஒரே மாதிரிப் புள்ளிகள். வரிசையாக நிற்கும் படகுகளின் விளக்குக் கோட்டை அடிவானம் என்று நம்பி, அதற்கு இணையாக ஹெலிகாப்டரைச் சாய்த்துக்கொண்டு, தான் நேராகப் பறப்பதாக ஒருவர் உறுதியாக நினைக்கக்கூடும்.

காதும் இதில் ஏமாற்றும். உட்செவியில் அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது அவற்றிலுள்ள திரவம் பின்தங்குவதால்தான் நாம் திரும்புகிறோம் என்று மூளைக்குத் தெரிகிறது. ஆனால் ஒரே சீராக, மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் அதே வேகத்தை அடைந்துவிடும். திரும்பும் உணர்வு மறைந்துவிடும். பிறகு நேராக்கினால், எதிர்ப்புறம் சாய்கிறோம் என்று உடல் அலறும். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் இது நேரும், ஏனென்றால் இது உடலின் அமைப்பு.

இதற்கு ஒரே மருந்து கருவிகள். கருவி நேர் என்கிறது, உடல் சாய்வு என்கிறது. அப்போது உடல் சொல்வதை ஒதுக்கிவிட்டுக் கருவி சொன்னபடி கையை அசைக்க வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இது, நடைமுறையில் உடம்பெல்லாம் வியர்க்கவைக்கும் வேலை. சோனாரை இறக்குவதற்காக இருட்டில், சில பத்தடிகளே கீழிருக்கும் கடலின் மேல் நிற்கும்போது ஒரு விமானி கருவிகளை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. மற்றவர் உயரத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பார். சொல்பவர் பணியில் இளையவராக இருந்தாலும் அவர் ‘உயரம்’ என்று எச்சரித்த நொடியில் மூத்தவர் திருத்த வேண்டும். ஏன் என்று கேட்பது பிறகு. உணர்வு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அது சரிதானா என்று வெளியிலுள்ள ஒன்றைக் கொண்டு சோதித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம்தான் கடற்படை எனக்குக் கொடுத்தவற்றில் மிகப் பெரியது என்று கருதுகிறேன். நிலத் தகராறிலும், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய முடிவிலும்கூட எனக்கு அது பயன்பட்டிருக்கிறது.

பயமாக இருக்காதா?

இருக்கும். வேலை அதிகமாக இருப்பதால் அந்த நேரத்தில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. முதலில் விமானத்தைப் பறக்கவை, பிறகு எங்கே இருக்கிறாய் என்று பார், அதன்பின் வானொலியில் பேசு என்று வரிசை கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அவசர நேரத்தில் மனம் அந்த வரிசையைப் பிடித்துக்கொள்கிறது.

உயிருக்கு ஆபத்து இல்லை என்று சொல்வீர்களா?

ஒரு தாய் புதுச்சேரியில் என்னிடம் இப்படிக் கேட்டார். இல்லை என்று சொல்ல மாட்டேன். 2015 ஜூன் 8 இரவு, தமிழ்நாட்டுக் கரையோரம் கண்காணிப்பு முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானம் ஒன்று மூன்று பேரோடு காணாமல் போனது. கப்பல்களும் விமானங்களும் ஒரு மாதம் தேடின. விமானத்தின் ஒலிக்கருவி எழுப்பிய மெல்லிய சமிக்ஞையைக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பலான சிந்துத்வஜ் கேட்டறிந்தபின், ஜூலையில் நம் மாவட்டக் கடலுக்கு அப்பால், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கிடைத்தன. மூவரும் உயிரோடு இல்லை. அமைதிக் காலத்தில், வழக்கமான பறப்பில் நிகழ்ந்த இழப்பு அது.

ஆபத்தைக் குறைக்கும் வழி ஒன்று உண்டு: ஒவ்வொரு பறப்புக்குப் பின்னும் குழுவினர் எல்லோரும் உட்கார்ந்து, என்ன சரியாக நடந்தது, எது தவறியது என்று பேசுவது. அங்கே பதவி பார்ப்பதில்லை. தவறைத் தானே சொன்னவரைத் தண்டிக்காமல், அதை மற்றத் தளங்களுக்கும் தெரிவித்து, அடுத்தவர் அதே குழியில் விழாமல் காப்பதே நோக்கம். மூத்தவர் முன்னால் தன் தவறைச் சொல்வதை நம் வீடுகளும் பள்ளிகளும் ஊக்குவிப்பதில்லை. அதனால் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கூட்டம் முதலில் கடினமாக இருக்கிறது. ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே இதைத் தொடங்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

கடலோரக் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கூடுதல் தகுதி உண்டா?

தேர்வில் தனி மதிப்பெண் கிடையாது. ஆனால் தாழங்குடாவிலோ சிங்காரத்தோப்பிலோ வளர்ந்த ஒருவருக்கு, வாடைக் காற்றுக் காலத்துக் கடலும் கச்சான் காற்றுக் காலத்துக் கடலும் ஒன்றல்ல என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹெலிகாப்டரில் காற்றின் திசையை அறிவதற்கு அலைநுரையின் கோடுகளைப் பார்க்கச் சொல்வார்கள். அதைக் குழந்தைப் பருவத்திலிருந்தே பார்த்தவர்கள் அவர்கள். காணாமல் போன படகு நீரோட்டத்தில் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று தேடும்போது, கரையில் வயதான மீனவர் ஒருவர் சொல்லும் கணிப்பை நான் மதிப்போடு கேட்டிருக்கிறேன். இந்தப் பிள்ளைகளிடம் இல்லாதது தகவல் மட்டுமே. அதிகாரியாகச் சேரலாம் என்பதே அவர்களில் பலருக்குத் தெரியவில்லை என்பது என்னை வருத்துகிறது.

பெண்கள் விமானி ஆகலாமா?

ஆகலாம். 2009 முதல் பெண்கள் கண்காணிப்பு விமானங்களில், தேடலை நடத்தும் அப்சர்வர் அதிகாரிகளாகப் பறந்தார்கள். 2019 டிசம்பரில் சிவாங்கி கடற்படையின் முதல் பெண் விமானி ஆனார். 2024 ஜூனில் அரக்கோணத்தில் அனாமிகா ராஜீவ் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானியாகத் தேர்ச்சி பெற்றார். 2025-இல் ஆஸ்தா பூனியா போர் விமானப் பிரிவுக்குத் தேர்வானார். என்.டி.ஏ.யும் 2022 முதல் பெண்களைச் சேர்க்கிறது. விமானி அல்லர் என்றாலும் புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபாவை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது: தில்னா என்ற சக அதிகாரியோடு ‘தாரிணி’ பாய்மரப் படகில் உலகைச் சுற்றி 2025 மே மாதம் கோவா திரும்பினார்.

குடும்ப வாழ்க்கை?

கப்பல் கிளம்பினால் மாதக்கணக்கில் வீடு இல்லை. கரையில் இருந்தாலும் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இடமாற்றம். கொச்சி, கோவா, விசாகப்பட்டினம் என்று பிள்ளைகள் பள்ளி மாறிக்கொண்டே இருப்பார்கள். பொங்கலுக்கு ஊரில் இருந்த ஆண்டுகள் எனக்குக் குறைவு. வீடு மாற்றுவதும், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் இரவில் மருத்துவமனைக்கு ஓடுவதும், இங்கே முதுநகரில் என் தாயாருக்குத் தைரியம் சொல்வதும் என் துணைவியாரின் வேலையாக இருந்தன. திருமணப் பேச்சின்போதே இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பெண்ணோ பிள்ளையோ, வரப்போகிறவர் கண்ணைத் திறந்துகொண்டு சம்மதிக்க வேண்டும். மருத்துவ வசதி, குடியிருப்பு, கேந்திரிய வித்யாலயா பள்ளிகள் என்று கடற்படை நிறையவே கவனித்துக்கொள்கிறது. ஏழாவது ஊதியக் குழுவின்படி, தொடக்க நிலை அதிகாரியான சப் லெப்டினன்ட்டின் தொடக்க அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய், படிகள் தனி. பணம் குறையவில்லை, உடன் இருக்கும் நாட்கள்தான் குறைந்தன.

புயலிலும் வெள்ளத்திலும் ஹெலிகாப்டர் வந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் என்று அடிபட்ட ஊர் இது. ஆகவே இந்தக் கேள்வியைக் கேட்கும் மாணவரை நான் மிகவும் பாராட்டுவேன்.

ஹெலிகாப்டரின் காற்று கூரைத் தகரத்தையும் ஓலையையும் பிய்த்து எறியும். அது வருவதைக் கண்டதும் மொட்டை மாடியில் தளர்வாகக் கிடக்கும் தகரம், தார்ப்பாய், துணி ஆகியவற்றை அகற்றுங்கள் அல்லது கனமான எதையாவது மேலே வையுங்கள். எல்லோரும் ஒரே மூலையில் குனிந்து உட்காருங்கள். மீட்புக் கம்பியின் கொக்கி இறங்கி வரும்போது பாய்ந்து பிடிக்காதீர்கள். பறக்கும் ஹெலிகாப்டரில் சேரும் நிலைமின்சாரம் அந்தக் கம்பி வழியே உங்கள் கையில் பலமாக அடிக்கும். கொக்கி தரையையோ நீரையோ தொட்டபின் பிடியுங்கள். அதை எக்காரணத்தைக் கொண்டும் ஜன்னல் கம்பியிலோ படகிலோ மாட்டக் கூடாது. மாட்டினால் ஹெலிகாப்டரே கீழே வந்துவிடும். இறங்கும் மீட்பாளர் யாரை முதலில் தூக்கச் சொல்கிறாரோ அவரை அனுப்புங்கள். அந்த இடத்தில் வாக்குவாதம் உயிரைக் குடிக்கும்.

கடலில் தத்தளிப்பவர்கள் கவிழ்ந்த படகை விட்டு நீந்திப் போக வேண்டாம். மேலிருந்து பார்க்கும் எங்களுக்கு அலைகளுக்கிடையே ஒரு மனிதத் தலை ஏறக்குறைய தெரிவதே இல்லை, படகு தெரியும். ஆரஞ்சு நிறத் துணியும் வெயிலில் காட்டும் ஒரு சிறு கண்ணாடியும் கிலோமீட்டர் கணக்கில் தெரியும். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. படகின் உட்புறம் பெயிண்டால் எழுதி வையுங்கள்.

பணி முடிந்தபின் என்ன செய்வார்கள்?

கடல் எண்ணெய்க் கிணறுகளுக்குப் பறக்கும் தனியார் ஹெலிகாப்டர் நிறுவனங்களிலும் விமான நிறுவனங்களிலும் பலர் சேர்கிறார்கள். அதற்குச் சிவில் உரிமம் தனியாகப் பெற வேண்டும்.

விமானியாக முடியாவிட்டால் கடற்படை விமானப் பிரிவில் வேறு வழி உண்டா?

நிறைய உண்டு. பி-8ஐ போன்ற விமானத்தில் ரேடாரையும் சோனாரையும் படித்துத் தேடலை நடத்துபவர்கள் அப்சர்வர் அதிகாரிகள். விமானத்தைப் பறக்கத் தகுதியாக வைத்திருப்பவர்கள் பொறியாளர்களும் தொழில்நுட்ப மாலுமிகளும். அக்னிவீரர் திட்டத்தில் சேர்ந்தாலும் விமானப் பிரிவு கிடைக்கக்கூடும். ஆனால் அது நான்கு ஆண்டுப் பணி என்பதையும், ஒரு பகுதியினரே நிலையான பணிக்கு எடுக்கப்படுவார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள், கடலில் அல்ல, முதலில் குளத்தில், கற்றுத்தரத் தெரிந்தவரோடு. கணிதத்தை விட்டுவிடாதீர்கள். பள்ளியில் என்.சி.சி. இருந்தால் சேருங்கள், கடற்படைப் பிரிவு கிடைத்தால் பாய்மரப் படகு ஓட்டும் வாய்ப்பும் வரும். தினமும் ஓடுங்கள். குழுவாக விளையாடும் விளையாட்டு ஒன்றில் இருங்கள், ஏனென்றால் எஸ்.எஸ்.பி.யில் அவர்கள் பார்ப்பது நீங்கள் மற்றவரோடு எப்படி வேலை செய்கிறீர்கள் என்பதை.

பெற்றோருக்கு ஒன்று. கடற்படையில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்கள் நம் பக்கத்திலும் உலவுகிறார்கள். அதிகாரித் தேர்வில் எந்தக் கட்டத்திலும் இடைத்தரகருக்கு வேலை இல்லை. விண்ணப்பம் இணையதளத்தில், முடிவும் இணையதளத்தில். யாராவது முன்பணம் கேட்டால், அவர் உறவினராக இருந்தாலும், கொடுக்காதீர்கள்; அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.